இடது இறக்கை: ஆறுகிற வரைக்கும்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் சாவியைத் துளையில் போட்டுத் திருப்பியபடியே கதவைச் சாத்தினாள். அப்படிச் சாத்தினால் சத்தம் வராது. உள்ளே மாமனார் விழித்துத்தான் இருப்பார். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஐந்து மாதமாக அந்த வீட்டில் எல்லாம் சத்தமில்லாமல்தான் நடக்கிறது.

இடது கையில் ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானத்தின் உடல். வலது அக்குளில், பழைய போர்வையில் சுற்றிய இறக்கை. மூன்று மாடிப் படிகளையும் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள். இரண்டாம் மாடி நர்ஸ் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது, குழந்தை மாதிரி சுத்தி எடுத்துட்டுப் போறே?"

"ரெக்கை."

நர்ஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த இறக்கையின் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஐந்து மாதத்துக்கு முன்னால், இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனாருக்கு மார்பை அடைத்தது. மகனுக்குப் பதினொரு தடவை போன் செய்தார். மகன் ரிமோட் விமானம் விடும் மைதானத்தில் இருந்தான். அங்கே ஒரு பழைய வழக்கம். பறக்கவிட வருகிறவர்கள் போனின் வாயை அடைத்து ஒரு தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். போன் பக்கத்தில் இருந்தால் ரிமோட்டின் அலை கெட்டுவிடும் என்று யாரோ என்றைக்கோ சொன்னது. மருமகளுக்கு மூன்று தடவை செய்தார். அவள் சலவைக் கடையில் நீராவி இஸ்திரியின் இரைச்சலுக்குள் நின்றிருந்தாள். கடைசியில் நர்ஸ்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, 'வாயு' என்றார்கள்.

செத்துப் பிழைத்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மாலை மகன் வந்து விமானத்தை மேஜைமேல் வைத்தான். "பைலட்டு வந்துட்டாரு" என்றார் அவர். கழற்றி வைத்த இறக்கையை எடுத்தார். முழங்காலில் வைத்து இடது பாதியை உடைத்தார்.

மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷமாகத் தட்டிக்கழித்துவந்த இடமாற்றத்தை மறுநாளே ஒப்புக்கொண்டான். ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரத்தில், இப்போது ஏதோ ஒரு ஊரின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறான். போகும்போது வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனான். அவள் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது சாவியைத் தூக்கித் துடைத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைப்பாள்.

"நீயும் வா" என்று அவளிடம் இரண்டு தடவை கேட்டான். "அவரை யாரு பாத்துப்பா" என்று இரண்டு தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை.

போன வாரம் போனில் பேசியபோது அவன் குரல் அலுவலகக் குரலாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேன். மீதி சாமானை எடுத்துக்கறேன். ராத்திரி வண்டிக்கே திரும்பணும்."

"பிளேனு?"

"அதை யாருக்காவது குடுத்துடு."

உடைந்த இறக்கையை அவள் ஏழு வாரமாக ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. இனிமேல் சொல்ல வேண்டும். ஆனால் அது ஒரு தடவையாவது நேராகப் பறந்த பிறகு சொல்ல வேண்டும். 'பறக்குது' என்று சொன்னால் போதும். 'போகாதீங்க' என்பதை அவளுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

வாசலில், கணவனோடு மைதானத்தில் விமானம் விடும் பல் டாக்டர் காரோடு நின்றிருந்தார்.

*

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்பு செங்கல் சூளை இருந்த இடம். ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் முள். நடுவில் ஒரு பெஞ்சும், கம்பத்தில் தொங்கும் தகர டப்பாவும்.

அங்கே வருவது நாலைந்து பேர்தான். அன்றைக்குப் பல் டாக்டரும் 'கோழி'யும் மட்டும் இருந்தார்கள். கோழி, கோர்ட்டில் குமாஸ்தா. அவர் செய்த விமானம் எதுவும் இதுவரை கூரை உயரத்துக்கு மேல் எழும்பியதில்லை. அதனால் அந்தப் பெயர். அவரே அதைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

போர்வையைப் பிரித்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

இறக்கைக்குள் இருப்பது காகிதம் போல லேசான மரச் சட்டம். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டால் தாள் ஒட்டும், சுருங்கும், மத்தளத் தோல் போல இறுகும். மற்றவர்களுக்கு அதில் எப்படியும் நாலு கொப்புளமாவது வந்துவிடும். அவள் பதினாறு வருஷம் சட்டைக் காலர் தேய்த்தவள். சுருக்கம் என்றால் அவளுக்கு ஆகாது.

"பத்து வருஷமா பாக்கறேன், இப்படித் தாள் போத்தினதைப் பாத்ததில்லம்மா" என்றார் டாக்டர். "ஒரு சுருக்கம் இல்ல."

"என் தலை மாதிரி இருக்கு" என்றார் கோழி, வழுக்கையைத் தடவியபடி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் அது இருமல் போல வெளிப்பட்டது.

டாக்டர் டப்பாவைக் காட்டினார். "போனைப் போட்டுடுங்க. இப்ப வர்ற ரிமோட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. ஆனா டப்பா இருக்கே, என்ன பண்றது."

அவள் தயங்கினாள். பிறகு அழைப்பு மணியை அடக்கிப் போட்டுவிட்டாள்.

ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். அவளுக்கு ஒட்டத் தெரியும், தேய்க்கத் தெரியும், பறக்கவிடத் தெரியாது. அவன் பறக்கவிடுவதைப் பார்க்க வந்த நாட்களில்கூட வானத்தைவிட அவன் கட்டைவிரல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள்.

மோட்டார் தேனீ போல இரைந்தது. விமானம் புல்லில் ஓடியது, துள்ளியது, எழுந்தது.

எழுந்த உடனே இடது பக்கம் சாய்ந்தது.

"ஏய்" என்றார் கோழி மெதுவாக.

டாக்டரின் வலது கட்டைவிரல் குச்சியை வலது பக்கம் தள்ளியது. விமானம் நிமிர்ந்தது. விரலைத் தளர்த்தினார். மறுபடி இடது பக்கம் சாய்ந்தது, தூக்கத்தில் பக்கத்து ஆளின் தோளில் விழும் தலை மாதிரி. அவர் விரலை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு சுற்று சுற்றினார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"இறக்கிடறேன்மா."

இறங்க வேகம் குறைய வேண்டும். வேகம் குறையக் குறைய அந்தச் சாய்வு கூடியது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது இடது இறக்கை அப்படியே விழத் தொடங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கலாம் என்று பிறகு நினைத்தாள். மோட்டார் ஒரு தடவை அலறியது, மூக்கு நிமிர்ந்தது, சக்கரம் புல்லில் மோதியது. மூக்கிலிருந்த காற்றாடியின் ஒரு முனை பறந்துபோய் முள்ளில் விழுந்தது.

மற்றபடி முழுசாக இருந்தது.

டாக்டர் இறக்கையைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்து, கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கினார். யாருடைய வாயையோ பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

"இங்க வந்து பாருங்க. வலது பக்கம் பெஞ்சில ஒட்டி உக்காந்திருக்கா? இடது நுனியில, பின்பக்கம் பாருங்க. தூக்கிட்டு நிக்குது. சுண்டுவிரல் நுழையும்."

நுழைந்தது.

"நான் அளந்துதான் ஒட்டினேன் டாக்டர். மேஜைமேல வெச்சு, ஊசி குத்தி."

"ஒட்டினது சரி. தேச்சதுதான் கூடிப்போச்சு. எத்தனை தடவை தேச்சீங்க?"

அவள் எண்ணி வைத்ததில்லை. தினமும் கடையிலிருந்து வந்ததும் எடுத்துப் பார்ப்பாள். எங்கேயாவது மயிரிழை போல ஒரு சுருக்கம் தெரியும். தேய்ப்பாள். மறுநாள் இன்னொன்று தெரியும்.

"ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் தாள் இன்னும் கொஞ்சம் இழுக்கும். சட்டைன்னா பரவாயில்ல, உள்ள எலும்பு கிடையாது. இதுக்கு இருக்கே. தாள் இழுக்க இழுக்க மரம் முறுக்கிக்கும்." கையிலிருந்த தூசியைத் தட்டினார். "பழுது இல்லம்மா, சரி பண்ணிடலாம். ஒருத்தர் ரெக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் தேய்க்கணும். நல்லா ஆறுற வரைக்கும் விடக் கூடாது. சூட்டோட விட்டா பழைய முறுக்குக்கே போயிடும். தனியா பண்ண முடியாது. நீங்க ரெண்டு பேரும் எப்பவும் அப்படித்தானே பண்ணுவீங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

அப்படித்தான் செய்தார்கள். அவள் தேய்ப்பாள், அவன் இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் தேய்த்து முடித்த பிறகும் விடமாட்டான். 'ஏங்க சும்மா பிடிச்சுக்கிட்டு, வழியை மறிச்சுக்கிட்டு' என்பாள். அவன் ஏதாவது கதை சொல்லுவான், நகல் இயந்திரத்துக்குள் பல்லி அகப்பட்ட கதை போல. ஒன்பது வருஷமாக அவன் பேச்சுக்காகத்தான் நிற்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கை அத்தனை நேரமும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

"அடுத்த வாரம் எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. நானும் என் வீட்டுக்காரியும் பிடிச்சுக் குடுக்கறோம்" என்றார் டாக்டர்.

"இன்னிக்கே வேணும் டாக்டர்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலில் நிற்பார். கோழியும் செருப்பைப் பார்த்தார். அவர் கையில் எதையும் கொடுக்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

டப்பாவிலிருந்து போனை எடுத்தாள். தவறிய அழைப்பு ஒன்று. ஒன்பது நாற்பதுக்கு. அவன்தான்.

திரும்பக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காரில் போகும்போது இன்னொரு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மடியில் இருந்த தகர நிறப் போனைப் பார்த்தபடி, அன்றைக்கு மாமனார் தன் போனைப் பதினொரு தடவை அழுத்தியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள்.

*

"வீட்டுக்குப் போன் பண்ணாரா மாமா?"

"எனக்கு எதுக்குப் பண்ணுவான்" என்றார் மாமனார். செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

அவனுடைய பெட்டிகள் கூடத்து மூலையில் வரிசையாக இருந்தன. அவளே நேற்றுக் கட்டி வைத்தது. சட்டைகளை மட்டும் தேய்த்து மேலாக வைத்திருந்தாள்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் அறையில் இஸ்திரிப் பெட்டியைச் சுடவைத்தாள். தாள் கீறாமல் இருக்க அதற்கு ஒரு பழைய காலுறையை மாட்டினாள். இறக்கையின் நடுவை மேஜையில் கட்டி, நுனியை நாற்காலியோடு கயிறு போட்டு முறுக்கினாள். தேய்க்கத் தேய்க்க நாற்காலி நகர்ந்தது. நாற்காலிமேல் இன்னொரு நாற்காலியைக் கவிழ்த்தாள். கயிறு மரத்தில் பதிந்தது. அவிழ்த்துவிட்டு நுனியை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துப் பார்த்தாள். பெட்டி எட்டவில்லை. எட்டியபோது முழங்கால் நழுவியது.

மூன்று தடவை. மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது சுண்டுவிரல் இன்னும் நுழைந்தது.

மணி நாலரை.

வாசற்படியில் மாமனார் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அந்த அறைக்கு அவர் வருவதில்லை.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு நாற்காலி?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பு வலித்தது. பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"முறுக்கிக்கிச்சு. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் தேய்க்கணும். கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க."

அதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அந்த அறையில் உண்மையிலேயே வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் கேட்டது.

அவர் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. கையைக் கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஏறும் முன்னால் அப்படித்தான் துடைப்பாராம்.

"எங்க பிடிக்கணும்?"

"நுனியில. முன்பக்கம் மேல, பின்பக்கம் கீழ. ஸ்டியரிங்கை லேசா ஒடிக்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம். போதும். இனிமே அசையக் கூடாது."

"எத்தனை நேரம்?"

"நான் தேய்ச்சு முடிச்சு, ஆறுற வரைக்கும்."

அவள் தேய்த்தாள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. தாள் முதலில் தொய்ந்தது, பிறகு மெல்ல இறுகியது. நுனிக்குப் போகும்போது அவருடைய கட்டைவிரல் வழியில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. பெட்டியின் ஓரம் பட்டது.

"சுட்டுடுச்சா மாமா?"

"வெயில்ல நின்ன பஸ்ஸு ஸ்டியரிங் இதைவிடச் சுடும். நீ வேலையைப் பாரு."

பெட்டியை அணைத்தாள். இறக்கையின் மறுமுனையைத் தானும் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தில் நாலு ஐம்பது. ஐந்து நிமிஷம் என்று கணக்கு வைத்தாள்.

அவ்வளவு நேரம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றதே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அவள் போய்விடுவாள், சாப்பிட்டு முடித்தால் அவர் போய்விடுவார். இப்போது போக முடியாது.

"எவ்வளவு லேசு" என்றார் அவர்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு முழங்கால்ல வெச்சேன் பாரு. கெட்டியா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டு தடவை அழுத்தினா உடையாது, அதுக்குள்ள அவன் ஏதாவது கத்துவான், நானும் கத்திட்டு விட்டுடலாம்னு நினைச்சேன். வெச்சதும் போயிடுச்சு. பிஸ்கட்டு மாதிரி. சத்தம்கூட வரல." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "அவனும் கத்தல."

"அவர் கத்த மாட்டாரு மாமா."

"தெரியும். சின்ன வயசிலயே அப்படித்தான். எதையும் ரெண்டு தடவைக்கு மேல கேக்க மாட்டான். ஸ்கூல் விட்டு வந்தா கதவை ரெண்டு தடவை தட்டுவான். நாம தூங்கிட்டிருந்தோம்னா அவ்வளவுதான். படியில உக்காந்துடுவான்." இறக்கையைப் பார்த்தபடி, "வாயுவுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணினேன்னு நீயும் நினைச்சிருப்பே" என்றார்.

"மூணு தடவை எனக்கும் பண்ணீங்க. நான் எடுக்கல."

"உன்னை ஒண்ணும் சொல்லலியேம்மா நான்."

"அதான் மாமா. சொல்லியிருக்கலாம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கட்டைவிரலில் சூடு பட்ட இடம் சிவந்து, நீர் கோத்துக்கொண்டிருந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது.

இருவரும் அசையவில்லை. கடிகாரத்தில் நாலு ஐம்பத்து மூன்று.

"அவனா?"

"ஆறு மணின்னுதான் சொன்னாரு. காலைல ஒரு போன் வந்துது. என்னன்னு தெரியல."

"விட்டுடட்டுமா? போய்த் திற."

விட்டுவிட்டு ஓடலாம். பத்து அடிதான். ஏழு வாரம், பத்து அடி. அவள் தாளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. ஒன்பது வருஷம் வழியை மறித்துக்கொண்டு நின்ற ஒரு கை நினைவுக்கு வந்தது.

"ரெண்டு நிமிஷம் இருக்கு மாமா" என்றாள். "விடாதீங்க."

மணி இரண்டாவது தடவை அடித்தது.

பிறகு அடிக்கவில்லை.

கதவுக்கு வெளியே ஒரு பை தரையிலிருந்து எடுக்கப்படும் சத்தம் கேட்டது. செருப்பு திரும்பியது. படியில் ஒன்று, இரண்டு, மூன்று. அது கீழ் வீட்டுக்கு வந்த யாராகவும் இருக்கலாம். சலவைக் கணக்குக் கேட்க வந்த கடைப் பையனாகவும் இருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவளுக்கு எப்போதுமே அப்படித்தான், வேண்டியபோது வராது.

மாமனார் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பைலட்டு" என்றார். ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. "இருடா. போயிடாதே. எங்க ரெண்டு பேர் கையும் வேலையா இருக்கு."

படியில் காலடிச் சத்தம் நின்றது.

மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவள் இறக்கையைப் பிடித்தபடி கதவைப் பார்த்தாள். தாள் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.